ஊர் எது என்று கேட்டால்

யாழ்ப்பாணத்தில் முன்பின் அறியாத இருவர் சந்தித்தால், பெயரைக் கேட்பதற்கு முன்னரே ஒரு கேள்வி வந்துவிடும். "நீங்கள் எவடம்?" பஸ்சில், ஆசுப்பத்திரி வாங்கில், கச்சேரி வரிசையில் என்று எங்கும் இதே கேள்விதான். பதில் கிடைத்ததும் அடுத்த கேள்வி: "அங்கை எவடத்தில?" இரண்டாவது பதிலில் கோயிலோ, சந்தியோ, ஒழுங்கையோ, ஒரு பெரியவரின் பெயரோ வந்துவிட்டால் இருவருக்கும் நடுவில் ஒரு பாலம் போடப்பட்டுவிடும். சில வேளைகளில் அதே பதில் ஒரு சுவரையும் எழுப்பிவிடும். அதைப் பின்னர் பார்ப்போம்.

அண்மையில் நாம் சென்ற ஒரு வீட்டில் இந்தக் கேள்வி வேறு விதமாக வந்தது. பட்டினத்துக்குக் கிட்ட, வாடகைக்கு எடுத்த இரண்டு அறை வீடு. தாய் அல்லைப்பிட்டி. தகப்பன் மண்டைதீவு. பிள்ளைகளில் மூத்தவன் வன்னியில் பிறந்தவன், இளையவன் இங்கே பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் கொடுத்த படிவம் ஒன்றை இளையவன் நிரப்பிக்கொண்டிருந்தான். "அம்மா, ஊர் எண்டு கேட்டிருக்கு. எங்கட ஊர் எது?"

"அல்லைப்பிட்டி எண்டு எழுது, தம்பி."

"நான் அங்கை இருந்ததே இல்லையே?"

தாய் உடனே பதில் சொல்லவில்லை. அடுப்படிக்குள் போய்விட்டார். நாமும் வெறுங்கையோடுதான் வெளியே வந்தோம். அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்லலாம் என்று தேடியதில் கிடைத்தவற்றையே இங்கு எழுதுகிறோம். இதை வாசிக்கும் உங்களில் பலருடைய வீட்டிலும் இந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கும்.

ஊர் என்பது மிகப் பழைய சொல். தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்தில் ஊர் என்றும், கன்னடத்திலும் தெலுங்கிலும் ஊரு என்றும் வழங்குகிறது. மக்கள் குடியிருக்கும் இடம் என்பதே அதன் பொருள் என்று எந்த அகராதியும் சொல்லிவிடும். ஆனால் நாம் பேசும்போது அந்தச் சொல் இடத்தோடு நின்றுவிடுவதில்லை. "ஊர் சிரிக்கும்" என்கிறோம். சிரிப்பது மண்ணும் மரமும் அல்ல. "ஊர் கூடித் தேர் இழுத்தது" என்றாலும் அப்படியே. இடத்தின் பெயர் அங்கு வாழும் மனிதருக்கு ஆகி வருவதை இலக்கணத்தில் இடவாகுபெயர் என்பார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே ஊர் என்பது நிலம் வைத்திருந்த வேளாளர் கூடி முடிவெடுத்த சபைக்கே பெயர். வரியைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் கோயில் நிலத்தைப் பற்றியும் "ஊர்" முடிவு எடுத்தது என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஆக, இடம், அங்குள்ள மக்கள், அவர்கள் கூடி எடுக்கும் முடிவு ஆகிய மூன்றும் இந்த ஒரு சிறு சொல்லுக்குள் அடங்கியிருந்தன. இடம்பெயர்ந்தவர்களுக்கு இது வெறும் இலக்கணச் செய்தியன்று. இந்த மூன்றில் ஒன்று கையை விட்டுப் போனால் மற்ற இரண்டும் நிற்குமா என்பதுதான் உங்கள் வழக்கு.

பழைய அகப்பொருள் நூல்கள் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒவ்வொரு குடியிருப்புப் பெயர் சொல்லும். மலைக்குக் குறிச்சியும் சிறுகுடியும், காட்டுக்குப் பாடி, வயலுக்குப் பேரூரும் மூதூரும், கடற்கரைக்குப் பட்டினமும் பாக்கமும். எமது தீவுகளில் இந்த ஒழுங்கு தலைகீழாகிக் கிடப்பதைப் பார்க்கச் சிரிப்பு வரும். ஒரு சிறு மலைகூட இல்லாத இந்தக் கடற்கரையில் ஊரின் ஒவ்வொரு பகுதிக்கும் குறிச்சி என்றுதான் பெயர். புங்குடுதீவாருக்கோ குறிச்சியைவிட வட்டாரமே பெரிது. ஒருவர் தம்மை "எட்டாம் வட்டாரம்" என்று சொன்னால் மற்றவருக்கு எல்லாம் விளங்கிவிடும். கிராமச் சபைக் காலத்துத் தேர்தல் வட்டாரங்கள் அவை. சபைகள் போய்விட்டன, எண்கள் நின்றுவிட்டன. பட்டினம் என்ற சொல்லும் எமக்கு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. குடாநாட்டுக்குள்ளே இருப்பவரும் தீவிலே இருப்பவரும் நகரத்துக்குப் புறப்படும்போது "யாழ்ப்பாணம் போட்டு வாறன்" என்றுதான் சொல்வார்கள், தாம் இருப்பது யாழ்ப்பாணமே அல்ல என்பதுபோல!

பண்ணைப் பாலத்தைக் கடந்து, மண்டைதீவுச் சந்தியைத் தாண்டி, பரவைக்கடலை இரு பக்கமும் பார்த்துக்கொண்டு போனால் வேலணைத் தீவில் முதலில் கால் வைக்கும் இடம் அல்லைப்பிட்டி. பெயரின் முற்பாதியைத் திண்ணைப் பேச்சுக்கு விட்டுவிடுவோம். எமக்கு வேண்டியது பிற்பாதி. பிட்டி என்றால் மேடு. சுற்றிலும் தாழ்ந்திருக்க நடுவில் உயர்ந்து நிற்கும் மண். பக்கத்து ஊரான மண்கும்பானின் பெயரிலும் மண்ணின் குவியல் தெரிகிறது. சுருவில் என்பதில் வரும் வில் நீர்நிலையைக் குறிப்பது. புளியங்கூடலில் மரம், பருத்தியடைப்பில் பயிரும் அடைப்பும். எமது தீவுகளின் ஊர்ப்பெயர்களில் ஊர் என்ற சொல் வருவது அரிது. அரசனின் பெயரோ பிரபுவின் பெயரோ வருவதும் அரிது. எங்கே மேடு, எங்கே தண்ணீர், எங்கே துறை என்று வந்து குடியேறியவர்கள் பார்த்து வைத்த பெயர்கள் இவை.

மேட்டைத் தேடி ஏன் குடியிருந்தார்கள்? வெள்ளத்துக்குப் பயந்து மட்டுமல்ல. தீவில் ஆறு இல்லை. மழை நீரே கதி. மணல் மேட்டில் விழும் மழை உள்ளே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும். நன்னீர் உவர்நீரைவிடப் பாரம் குறைந்தது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் பற்றிப் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. இதே கணக்கைத் திருப்பியும் பார்க்க வேண்டும். மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து 40 அடி உவர் ஏறிவிடும். துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு அவகாசம் இருந்தது. இயந்திரம் வைத்து ஒரே மூச்சில் இறைத்தால் அவகாசம் இல்லை. மணலையே லொறியில் ஏற்றி விற்றுவிட்டால் நீரைத் தாங்கும் மேடே இல்லாமற் போய்விடும். மண்கும்பான் பக்கத்தில் மணல் அள்ளியதால் வந்த கேட்டை அவ்விடத்து மக்கள் நன்கு அறிவார்கள். பிட்டி போனால் அல்லைப்பிட்டி எங்கே? இதை நாம் சொல் விளையாட்டாகச் சொல்லவில்லை. நீண்ட காலத்துக்குப் பின் காணிக்குத் திரும்புவோர் பழைய கிணற்றைச் சேறு வாரித் துப்புரவாக்கும்போது, ஒரே நாளில் அடிமட்டம்வரை இறைத்துவிடாமல் சில நாட்களாகப் பிரித்து இறைப்பது நல்லது.

இந்த மேட்டில் மனித நடமாட்டம் எவ்வளவு பழையது என்பதற்கு மண்ணுக்குள்ளேயே சாட்சி உண்டு. அல்லைப்பிட்டியில் கிடைத்த சீன மட்பாண்ட ஓடுகள் வட சொங் அரச காலத்தவை, அதாவது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழைமை உடையவை. 1970களின் இறுதியில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் அவற்றை ஆராய்ந்தார்கள். 2018இல் சங்காய் நூதனசாலையும் இலங்கையின் மத்திய கலாசார நிதியமும் சேர்ந்து மறுபடி அங்கே அகழ்ந்தன. சீனத்துக் கப்பற் சரக்கு இறங்கிய கரை இது.

அல்லைப்பிட்டியிலிருந்து மேற்கே போனால் வருவது ஊர்காவற்றுறை. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அதில் இந்தத் துறை ஊராத்துறை என்று வருகிறது. வெளிநாட்டு வணிகர் அங்கே வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்றும், யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு என்றும், வேறு சரக்கு என்றால் பாதி அரசுக்கு என்றும் அது சொல்கிறது. பாளி நூல்களில் இதே துறை சூகரதித்த, அதாவது பன்றித் துறை. சிங்களத்திலும் ஊரா என்றால் பன்றிதான். ஆனால் தமிழ்க் காது அந்த ஊராவுக்குள் ஊரைக் கேட்டது. காவலையும் நடுவில் சேர்த்தது. ஊர், காவல், துறை என்று முழுப் பொருளோடு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. எது முந்தியது என்று சண்டை பிடிப்போர் பிடிக்கட்டும். எமக்குப் பிடித்தது, மக்கள் தமக்கு விளங்கும்படி ஒரு பெயரைத் திருத்திக்கொண்டார்கள் என்பதுதான். போர்த்துக்கேயர் தமது மொழியில் துறைமேடையைக் குறிக்கும் சொல்லை வைத்தார்கள், அது காய்ட்ஸ் ஆயிற்று. ஒல்லாந்தர் வந்து தமது நாட்டு நகரங்களின் பெயர்களை எல்லாத் தீவுகளிலும் ஒட்டினார்கள். வேலணைக்கு லெய்டன், காரைதீவுக்கு அம்ஸ்ரர்டாம், அனலைதீவுக்கு றொட்டர்டாம், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், நயினாதீவுக்கு ஹார்லெம். இன்று நெடுந்தீவின் டெல்வ்ற் தவிர மற்றவை வழக்கில் இல்லை. வெளியார் சூட்டும் பெயரில் குடியிருப்போர் பேசாவிட்டால் அது வரைபடத்தோடு நின்றுவிடுகிறது.

அரசாங்கத்துக்கு ஊர் என்ற சொல் பிடிக்காது. அதற்கு வேண்டியது எல்லைக்கோடும் எண்ணும். ஆகவே அல்லைப்பிட்டி ஜே/10 கிராம அலுவலர் பிரிவு ஆகிறது. மண்கும்பான் ஜே/11. 1963இல் விதானை முறை ஒழிந்து கிராம சேவையாளர் வந்த பிறகும் மக்கள் வாயில் அவர் விதானையார்தான். ஊரை வழக்கப்படி அழைக்கும் பிடிவாதம் அவர் விடயத்திலும் தொடர்கிறது. எது நகரம், எது கிராமம் என்பதும் மக்கள் தொகையை வைத்தோ தொழிலை வைத்தோ தீர்மானிக்கப்படுவதில்லை. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருந்தால் நகரம், இல்லாவிட்டால் கிராமம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தோடு பட்டின சபைகள் மறைந்தபோது, அதுவரை நகரமாக எண்ணப்பட்ட எத்தனையோ பட்டினங்கள் கிராமங்களாகிவிட்டன. ஒரு கடைகூட அங்கே மூடப்படவில்லை.

எண்ணும் வேலையும் எமக்கு ஒழுங்காக நடக்கவில்லை. 1981க்குப் பின் பத்து ஆண்டில் வரவேண்டிய குடிசன மதிப்பு 1991இல் நடக்கவில்லை. 2001இல் நாட்டின் 25 மாவட்டங்களில் 18இல்தான் முழுமையாக எடுக்கப்பட்டது. யாழ்ப்பாணம் அந்தப் பதினெட்டில் இல்லை. 2012இல்தான் மறுபடி முழு நாடும் எண்ணப்பட்டது. அந்த முப்பத்தொரு ஆண்டுக்குள் ஊரைவிட்டுப் போனவர்களை அவர்களுடைய ஊரில் வைத்து எண்ணியவர் எவரும் இல்லை. கணக்கெடுப்பு கேட்பது வழமையாக வதியும் இடத்தை. நீங்கள் பதில் சொல்ல விரும்புவது ஊரை. இரண்டும் ஒன்றாக இருப்பவருக்கு அந்த வேறுபாடு தெரியவே வராது.

முகாம்களுக்கு வைக்கப்பட்ட பெயர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 2009இல் வன்னியிலிருந்து வந்த இலட்சக்கணக்கானோரைச் செட்டிகுளம் மெனிக் பாமில் முள்வேலிக்குள் வைத்தபோது அந்த இடத்துக்கு நலன்புரிக் கிராமம் என்று பெயர். வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று தமிழர் பெயர்கள். கிராமம் என்றால் உள்ளே போகவும் வெளியே வரவும் அனுமதி கேட்க வேண்டியதில்லை அல்லவா? 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறியவர்களுள் முல்லைத்தீவின் கேப்பாப்பிலவுக் குடும்பங்களும் இருந்தன. அவர்கள் சொந்தக் காணியில் படைமுகாம் இருந்தது. எனவே வேறோர் இடத்தில் காட்டை வெட்டி அவர்களை இருத்தி, அதற்குக் கேப்பாப்பிலவு மாதிரிக் கிராமம் என்று பெயர் வைத்தார்கள். காணி அங்கே, பெயர் இங்கே. காகிதத்தில் அவர்கள் கேப்பாப்பிலவுக்குத் திரும்பிவிட்டார்கள்! பக்கத்துப் பிலக்குடியிருப்பு மக்கள் 2017 சனவரி இறுதியில் வாயிலில் குந்தியிருந்து போராடி மார்ச்சு 1ஆம் நாள் தமது காணிக்குள் கால் வைத்தார்கள். அவர்களுடைய ஊரின் பெயரிலேயே குடியிருப்பு என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள்.

ஆனால் புதிதாக வைக்கும் பெயர் எல்லாம் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. குடாநாட்டில் ஒரு புத்தூர் உண்டு. அது ஒரு காலத்தில் புதிய ஊர், அவ்வளவுதான். அங்கும் யாரோ வந்து குடியேறியிருக்கிறார்கள். கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில் 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து ஓடிவந்த குடும்பங்கள் குடியேறின. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு இன்று அதுவே ஊர். அதை யாரும் மறுக்க முடியாது. மறுக்கவும் கூடாது.

அல்லைப்பிட்டி மக்கள் ஒரு தடவை மட்டும் எழும்பி ஓடியவர்கள் அல்லர். 1990 ஆகஸ்டில் யாழ்ப்பாணக் கோட்டையை நோக்கிய படை நடவடிக்கை தீவுகள் வழியாக வந்தபோது மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் இளைஞர் பலர் பிடிக்கப்பட்டுக் காணாமற்போயினர். தீவகத்தில் பெரும்பகுதி வெறுமையானது. சிறிது சிறிதாகத் திரும்பியவர்கள் வடலி வெட்டி, வேலி அடைத்து, மறுபடி தோட்டம் செய்து நிமிர்ந்த வேளையில் 2006 வந்தது. மே 13ஆம் நாள் இரவு தீவகத்தில் கைக்குழந்தை உட்படப் பதின்மூவர் கொல்லப்பட்டனர், பெரும்பாலோர் அல்லைப்பிட்டியில். அதே ஆண்டு ஆகஸ்ட் 13இல் மக்கள் தஞ்சம் புகுந்திருந்த புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் எறிகணை விழுந்து குறைந்தது 15 பேர் மாண்டனர். அம்மக்களோடு நின்ற பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகளார் ஆகஸ்ட் 20ஆம் நாள் காணாமற்போனார். அவரோடு சென்றவரும் திரும்பவில்லை. மறுபடியும் ஊர் வெளியே போயிற்று.

இங்கே "ஊர் வெளியே போயிற்று" என்று எழுதும்போது எமக்கே தெரியாமல் ஊரை மக்களுக்கு ஆக்கிவிட்டோம். சொல் அப்படித்தான் இழுக்கிறது.

முன்னர் சொன்ன சுவருக்கு வருவோம். "அங்கை எவடத்தில?" என்ற இரண்டாவது கேள்வி குறிச்சியைக் கேட்பதுபோலச் சாதியைக் கேட்கும் கேள்வியாகவும் இருந்திருக்கிறது. இதை மூடி மறைத்துவிட்டு ஊர்ப் பெருமை பேசுவது சரியல்ல. ஊர்க்கிணறு என்று பெயர், ஆனால் ஊரில் எல்லோரும் அதில் தண்ணீர் அள்ளவில்லை. முகாமில் ஒரே குழாயில் வரிசையில் நின்ற பின்னர், திரும்பிப் போய்ப் பழைய கிணற்றில் பழைய வரிசையையே வைப்பதா என்று கேட்ட இளைஞர்களை நாம் கண்டிருக்கிறோம்.

காணியில்லாதவர் பாடு இன்னொன்று. மற்றவர் வளவில் கொட்டில் போட்டு, மற்றவர் தோட்டத்தில் கூலிக்கோ குத்தகைக்கோ செய்தவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் உறுதி இல்லை. மீள்குடியேற்றம் என்று வரும்போது உறுதி கேட்கப்படுகிறது. உறுதி இல்லாதவருக்கு வீட்டுத்திட்டம் பின்னுக்குப் போகிறது. மூன்று தலைமுறை ஊரில் வாழ்ந்து, ஊர்ச் சுடலையில் தாய் தகப்பனை வைத்தவருக்கு ஊர் இல்லை என்று எந்தப் படிவம் சொல்ல முடியும்? ஊர் முதுசமாக வரும் காணி மட்டுமல்ல. எமது கருத்தில், திரும்புவோர் பட்டியலில் முதலில் எழுதவேண்டிய பெயர்கள் இவர்களுடையவை.

உறுதி உள்ளவர்களும் அசட்டையாக இருக்க முடியாது. எமது உறுதிகளில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர், பரப்பு, நாலு பக்க எல்லை, பங்குக் கிணற்றில் எத்தனை பங்கு, வழி வாய்க்கால் எது என்று எழுதியிருக்கும். எல்லைகளில் சொல்லப்பட்ட ஒழுங்கை இன்று பற்றையாக இருக்கலாம். வடக்கு எல்லைக்காரர் கனடாவிலோ மண்ணுக்குள்ளோ இருக்கலாம். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி ஒரு காணியைத் தடையின்றிப் பத்து ஆண்டு ஆண்டவர் ஆட்சியுரித்துக் கேட்கலாம். இடம்பெயர்ந்தவரின் காணி இப்படிப் பறிபோகாமல் இருக்க 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கு அது வழி செய்தது. ஆனால் வழக்குப் போட இரண்டு ஆண்டே கெடு. வெளியூரில் இருந்த பலருக்குச் சட்டம் வந்த சேதியே கெடு முடிந்த பின்னர்தான் எட்டியிருக்கும்.

ஆகவே கையில் உள்ளதைக் கொண்டு செய்யக்கூடியதைச் செய்வோம். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். எந்தப் படிவத்திலும் தற்காலிக முகவரியும் நிரந்தர முகவரியும் தனித்தனியாகக் கேட்கப்பட்டால் இரண்டையும் நிரப்புங்கள், நிரந்தர முகவரியில் கோடு போட்டு விடாதீர்கள். ஒரு கொப்பியில் உங்கள் காணியின் பெயர், குறிச்சியின் பெயர், பக்கத்து வளவுகளின் பெயர், கிணற்றுப் பங்காளர் ஆகியவற்றை எழுதுங்கள். ஆச்சியோ அப்புவோ உயிரோடு இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதுங்கள். உறுதியில் இருக்கும் காணிப் பெயர் எந்த ஒழுங்கைக்கு எந்தப் பக்கம் என்று இளையவருக்குத் தெரிவதில்லை.

அந்த வீட்டுக்கு இரு வாரத்தின் பின் மறுபடி போனோம். படிவத்தில் ஊர் என்ற இடத்தில் பையன் என்ன எழுதினான் என்று கேட்டோம். இடம் சிறியதாக இருந்ததாம். இரண்டு பெயரையும் நெருக்கி எழுதியிருக்கிறான். ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை என்றான்.